அரிவாள் வடிவத்தில் ஒரு கேள்வி

சிகாகோ. 1904-ம் வருடம், டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அங்கே பிரஸ்பிடீரியன் ஆஸ்பத்திரிக்கு ஒரு இளைஞர் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

வயது இருபது. கறுப்பினத்தவர். சொந்த ஊர், கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடா என்கிற குட்டித் தீவு. (கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜாதிக்காய் வியாபாரிகளுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்!) வசதியான நிலச்சுவான்தார் குடும்பத்துப் பிள்ளை. பல் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று கப்பலேறி, செப்டம்பரில்தான் நியூயார்க்கில் வந்து இறங்கியிருந்தார். கப்பலிலேயே கணுக்காலில் ஒரு புண். நியூயார்க்கில் ஒரு டாக்டரிடம் காட்டி மருந்து தடவிக்கொண்டு, சிகாகோ வந்து பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தும் விட்டார். பனிக்காலம் வந்தது. மூச்சு இரைத்தது. இருமல், காய்ச்சல், தலைசுற்றல். 'சரி, இதற்குமேல் தாங்காது' என்று ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு வார்டில் டியூட்டியில் இருந்தவர் எர்னஸ்ட் அயர்ன்ஸ். வயது இருபத்தேழு. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், ஹவுஸ் சர்ஜன். எல்லா ஊர் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் விதிக்கப்பட்ட வேலைதான் அவருக்கும். நோயாளியின் கதையைக் கேள், உடம்பை முழுக்கப் பார், ரத்தம் எடு, எழுது. எழுதினார். காலெல்லாம் பழைய புண்கள் ஆறிய தழும்புகள். கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். இதயத்தில் வழக்கமில்லாத ஒரு சத்தம். சோகை பிடித்த உடம்பு. அப்புறம் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்தார்.

ரத்தத்தின் சிவப்பணு எப்படி இருக்கும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே பார்த்திருப்பீர்கள். நடுவில் அமுக்கிவிட்ட உளுந்து வடை மாதிரி, ஆனால் ஓட்டை விழாமல், வட்டமாக. இந்த இளைஞரின் ரத்தத்தில் அந்த வட்டங்களுக்கு நடுவே நீளநீளமாக, வளைந்து, இரண்டு முனையும் கூராக என்னவோ கிடந்தன. பிறை நிலா மாதிரி. கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி.

அயர்ன்ஸ் அதைப் பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டார். பிறகு தன் சீஃப் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். (சோகை பிடித்த ரத்தத்தைப் பரிசோதித்தவருக்குப் பெயரே 'அயர்ன்ஸ்' என்று அமைந்தது தற்செயல்தான்.)

சீஃப் பெயர் ஜேம்ஸ் ஹெரிக். நாற்பத்து மூன்று வயது. நல்ல டாக்டர், நல்ல வாத்தியார். குனிந்து பார்த்தார். அவருக்கும் புரியவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, நான் கொஞ்சம் வேறு பக்கம் போக வேண்டியிருக்கிறது. ஒரு நோயாளியை வைத்துப் பாடம் நடத்துவது என்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது?

ரொம்ப காலத்துக்கு ஐரோப்பாவில் மருத்துவப் படிப்பு என்றால் புத்தகம் வாசிப்பதுதான். வாத்தியார் உயரமான மேடையில் உட்கார்ந்து பழைய நூலைப் படிப்பார், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். நோயாளியைத் தொடாமலே டாக்டர் ஆகிவிட முடியும். ஹாலந்தில் லெய்டன் நகரத்தில் போர்ஹாவ என்றொரு பேராசிரியர், 1714-லிருந்து பன்னிரண்டே படுக்கைகளை வைத்துக்கொண்டு, ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், கட்டில் கட்டிலாக மாணவர்களைக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினார். அந்தப் பன்னிரண்டு கட்டில்களைப் பார்க்க ஐரோப்பா முழுவதிலும் இருந்து மாணவர்கள் வந்தார்கள். அப்புறம் இத்தாலியில், பதுவா நகரத்தில், மொர்கான்யி. உயிரோடு இருந்தபோது இந்த ஆளுக்கு என்ன தொந்தரவு இருந்தது, செத்தபிறகு அறுத்துப் பார்த்தால் உள்ளே எது கெட்டிருந்தது என்று எழுநூறு கேஸ்களை ஜோடி சேர்த்து 1761-ல் புத்தகம் போட்டார். அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது!

1900-ல் பாஸ்டனில் இன்னொரு வேடிக்கை. வால்டர் கேனன் என்கிற ஹார்வர்ட் மருத்துவ மாணவருக்கு ரூம்மேட் ஒரு சட்டக் கல்லூரி மாணவர். அந்த சட்டப் பையன் நிஜ வழக்குகளை எடுத்துவைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் வாதாடிக்கொண்டிருக்கிறான். முகத்தில் உற்சாகம். இவரோ லெக்சர் கேட்டுக் கேட்டுத் தூங்கி வழிகிறார். 'நமக்கும் நிஜ கேஸ்களைக் கொடுத்தால் என்ன?' என்று கேட்டு மருத்துவப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். அங்கேயே ரிச்சர்ட் கேபட் என்ற டாக்டர் அதை ஒரு பந்தயமாகவே மாற்றினார். மாணவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, முடிவு தெரியாத ஒரு கேஸை ஒரு பெரிய டாக்டரிடம் கொடுப்பார்கள். அவர் எல்லோர் எதிரிலும் யோசித்து, 'இன்ன நோய்' என்று சொல்ல வேண்டும். கடைசியில் பிரேதப் பரிசோதனை செய்தவர் எழுந்து விடையைச் சொல்வார். பல தடவை பெரிய டாக்டருக்கு முகம் தொங்கிவிடும். மாஸசூசட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியின் அந்தக் கேஸ்கள் 1920-களிலிருந்து பாஸ்டன் மருத்துவப் பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கின்றன, இன்றுவரை.

நம்ம ஊர் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கும் இதுதான். பரீட்சையில் 'லாங் கேஸ்', 'ஷார்ட் கேஸ்' என்று ஒரு நோயாளியைக் கொடுத்துவிடுவார்கள். வருஷா வருஷம் பரீட்சைக்கு வந்து உட்காருகிற நோயாளிகள் உண்டு. நடுங்கும் மாணவனிடம், "தம்பி, இடது பக்கம் வச்சுக் கேளுங்க, அங்கதான் சத்தம் வரும்" என்று ரகசியமாக உதவி செய்கிற பெரியவர்கள் பற்றி டாக்டர் நண்பர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால், யோசித்துப் பார்த்தால், அந்த அறையில் வாத்தியார் யார்?

சிகாகோவுக்குத் திரும்புவோம்.

கேபட் நடத்திய பந்தயத்தில் கடைசியில் எழுந்து விடை சொல்ல ஒருவர் இருந்தார். ஹெரிக்கிடம் வந்த கேஸுக்கு அப்படி ஒருவரும் கிடையாது. உலகத்திலேயே யாருக்கும் விடை தெரியாது. அவர் விடவில்லை. வெப்ப நாட்டுக்காரர் ஆயிற்றே, வயிற்றில் கொக்கிப்புழுவோ? மலத்தைப் பரிசோதித்தார்கள். இல்லை. மேகநோயாக இருக்குமோ என்றும் யோசித்தார்கள். பொருந்தவில்லை. கண்ணாடித் தகடு தயாரிக்கும்போது நடந்த தப்போ என்ற சந்தேகம்கூட வந்தது. வேறு வேறு நாளில், வேறு வேறு விதமாக எடுத்துப் பார்த்தார்கள். அரிவாள்கள் அப்படியே இருந்தன.

நல்ல சாப்பாடு, ஓய்வு, இரும்புச்சத்து மருந்து. இளைஞர் கொஞ்சம் தேறி, வகுப்புக்குத் திரும்பினார். அடுத்த இரண்டரை வருஷமும் அவ்வப்போது ஏதாவது ஒன்று. ஒரு தடவை 'பித்தம்' என்று எழுதினார்கள். இன்னொரு தடவை தசை வாதம். அயர்ன்ஸும் ஹெரிக்கும் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருந்தார்கள். 1907-ல் அவர் பட்டம் வாங்கிக்கொண்டு கிரெனடாவுக்குப் போய்விட்டார்.

ஹெரிக் காத்திருந்தார். இதே மாதிரி இன்னொரு நோயாளி வருவாரா என்று. வரவில்லை. ஆறு வருஷம் கழித்து, 1910 நவம்பரில், கேஸை அச்சுக்குக் கொடுத்தார். அதில் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. நோய்க்குப் பெயர் வைக்கவில்லை. காரணம் இதுதான் என்று அடித்துப் பேசவில்லை. பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுதி, படத்தையும் போட்டு, இது ரத்தத்தின் நோயா, வேறு ஏதோ நோயின் அடையாளமா என்று தனக்குத் தெரியவில்லை, இதேபோன்ற இன்னும் சில கேஸ்கள் வந்தால்தான் விளங்கும் என்று கேள்வியைத் திறந்தே வைத்துவிட்டார். பேர்பெற்ற பேராசிரியர் ஒருவர் 'தெரியவில்லை' என்று அச்சில் எழுதுவது அன்றைக்கும் லேசான விஷயமில்லை.

(கட்டுரையில் ஆசிரியர் பெயர் ஹெரிக் மட்டும்தான். முதலில் பார்த்த ஹவுஸ் சர்ஜனின் பெயர் தலைப்புக்குக் கீழே ஏறவில்லை. இதெல்லாம் எந்தக் காலத்திலும், எந்த ஊரிலும் நடப்பதுதானே?)

திறந்து வைத்த கேள்விக்கு வேலை வந்தது. மறு வருஷமே வர்ஜீனியாவிலிருந்து ஒரு பெண்ணின் கேஸ். ஹெரிக்கின் கட்டுரையைப் படித்திராவிட்டால் இதுவும் 'என்னவோ சோகை' என்று போயிருக்கும். 1915-ல் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து மூன்றாவது. அந்தப் பெண்ணின் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர் கடுமையான சோகையில் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். ஓஹோ, குடும்பத்தில் ஓடுகிறது! அந்தப் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டார்கள். மனிதர் திடகாத்திரமாக இருந்தார். விக்டர் எம்மல் என்பவர் அவருடைய ரத்தத்தில் ஒரு சொட்டை எடுத்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, காற்றுப் போகாமல் ஓரத்தை அடைத்து வைத்தார். நேரம் ஆக ஆக, வட்டமாக இருந்த செல்கள் ஒவ்வொன்றாக அரிவாளாக மாறின! அப்பாவுக்கு நோய் இல்லை. ஆனால், நோயின் விதை அவரிடமும் இருக்கிறது. இது 1917-ல்.

நான்காவது கேஸை 1922-ல் எழுதிய வெர்ன் மேசன்தான் 'சிக்கிள் செல் அனீமியா' என்று பெயர் சூட்டினார். அதாவது, கண்டுபிடித்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பெயர்சூட்டு விழா.

காற்றுப் போகாமல் அடைத்தால் ஏன் மாறுகிறது? 1927-ல் ஹான், கில்லஸ்பி என்ற இருவர் நோயாளியின் ரத்தத்தைச் சின்னக் கூண்டுக்குள் வைத்து, மாற்றி மாற்றி வாயு செலுத்திப் பார்த்தார்கள். ஆக்ஸிஜனை எடுத்தால் அரிவாள். கொடுத்தால் மறுபடி வட்டம். அப்படியானால், உடம்புக்குள்ளும் இது நடக்குமா? 1930-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஜெஸ்ஸி ஸ்க்ரைவர் என்ற பெண் டாக்டரும், வா என்ற அவருடைய சகாவும் ஓர் எளிய காரியம் செய்தார்கள். நோயாளியின் விரலில் ரப்பர் பாண்டைச் சுற்றி ரத்தத்தைத் தேக்கினார்கள். தேங்கிய ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தது. அரிவாள்கள் பெருகின. கோடி ரூபாய் மெஷின் எதுவும் இல்லை. ஒரு ரப்பர் பாண்ட்!

1940-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஒரு மருத்துவ மாணவர், பெயர் ஷெர்மன், அரிவாள் செல்களை ஒரு விசேஷ ஒளியில் பார்த்தார். செல்லுக்குள் ஏதோ ஒன்று ராணுவ அணிவகுப்பு மாதிரி வரிசை பிடித்து நிற்கிறது என்பதற்கான மினுமினுப்பு தெரிந்தது. அவர் கண்டது சில வருஷங்கள் அப்படியே கிடந்தது. 1945-ல் காஸல் என்ற ரத்தநோய் நிபுணர் பேச்சுவாக்கில் ஒரு ரசாயன விஞ்ஞானியிடம் இந்த விவரங்களைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் லைனஸ் பாலிங். நோபல் பரிசெல்லாம் பிற்பாடு. ஹீமோகுளோபினைப் பற்றி ஏற்கெனவே ஆராய்ந்தவர். ஆக்ஸிஜன் போனால் வடிவம் மாறுகிறது, வந்தால் திரும்புகிறது என்றால், கோளாறு செல்லில் இல்லை. செல்லுக்குள் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினில்தான் என்று அவருக்குப் பொறி தட்டியது.

நிரூபிக்க ஆள் வேண்டுமே. வந்தார் ஒரு மாணவர். ஹார்வி இடானோ. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1942-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் முதல் மாணவர் என்று தங்கப் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது, பதக்கம் வாங்க அவர் விழாவுக்கு வரவில்லை. வர முடியாது. போர்க்காலம், ஜப்பானிய முகம் என்கிற ஒரே குற்றத்துக்காக அமெரிக்க அரசாங்கம் அவரை முள்வேலி முகாமில் அடைத்து வைத்திருந்தது. வெளியே வந்து டாக்டருக்குப் படித்து, பிறகு பாலிங்கிடம் சேர்ந்தார். நல்ல ஹீமோகுளோபினையும் நோயாளியின் ஹீமோகுளோபினையும் மின்சாரம் பாயும் திரவத்தில் ஓட விட்டார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவில்லை! மின்னேற்றத்தில் வித்தியாசம். நோய் இல்லாத, ஆனால் விதை இருக்கிற, அந்த 'அப்பா' மாதிரியானவர்களின் ரத்தத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தன. 1949 நவம்பரில் கட்டுரை வெளியானது. ஒரு மூலக்கூறின் கோளாறுதான் ஒரு நோய் என்று மனிதன் முதல்முறையாகக் காட்டிய தருணம் அது. அதே வருஷம் அமெரிக்காவில் ஜேம்ஸ் நீல் என்பவரும், ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பீட் என்ற டாக்டரும் தனித்தனியாக, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் விதை வந்தால்தான் நோய் என்று நிறுவினார்கள்.

அந்த 1949-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? பழைய ஹவுஸ் சர்ஜன் எர்னஸ்ட் அயர்ன்ஸ். எண்பத்தெட்டு வயதில் ஹெரிக்கும் உயிரோடு இருந்தார்.

கடைசி முடிச்சு 1956-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அவிழ்ந்தது. வெர்னன் இங்கிராம், ஆந்தனி ஆலிசன் என்ற டாக்டர் கொண்டுவந்து கொடுத்த சிக்கிள் ஹீமோகுளோபினை என்சைம் வைத்துத் துண்டுதுண்டாக வெட்டி, காகிதத்தில் பரப்பினார். புள்ளிக்கோலம் மாதிரி வந்தது. நல்ல ரத்தத்தின் கோலத்தோடு ஒப்பிட்டார். எல்லாப் புள்ளிகளும் அதனதன் இடத்தில். ஒரே ஒரு புள்ளி மட்டும் தள்ளி நின்றது! மறு வருஷம் அதையும் பிரித்துப் பார்த்தார். 146 மணிகள் கோத்த சங்கிலியில் ஆறாவது மணி மாறியிருக்கிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். அவ்வளவுதான். ஒரு மணி.

இப்போது விடை கையில் இருக்கிறது. 1904-ன் கேஸ் ஷீட்டை மறுபடி எடுங்கள். இன்றைக்கு ஒரு நல்ல வாத்தியார் வகுப்பில் இதைத்தான் செய்வார்.

ஆக்ஸிஜனைச் சுமக்கும்போது அந்த மாறிப்போன மணியால் தொந்தரவில்லை. திசுக்களில் ஆக்ஸிஜனை இறக்கிய பிறகுதான் வினை. வேலின் ஒரு பிசுக்கு. பக்கத்து ஹீமோகுளோபினில் அதற்கேற்ற பள்ளம் ஒன்று திறந்து கிடக்கும். ரயில் பெட்டிகள் கொக்கி மாட்டிக்கொள்வதுபோல் ஒன்றோடொன்று மாட்டி, நீண்ட கம்பிகளாகிவிடும். ஷெர்மன் பார்த்த அணிவகுப்பு இதுதான். உள்ளே கம்பி நீண்டால் செல் என்ன செய்யும்? அரிவாளாக வளையும். சாதாரண சிவப்பணு தன்னைவிடக் குறுகலான ரத்தக் குழாயில்கூட உடம்பை மடக்கி நுழைந்து போய்விடும். அரிவாள் மடங்காது. சந்துக்குள் திரும்ப முடியாமல் நிற்கிற லாரி மாதிரி அடைத்துக்கொள்ளும். பின்னால் வருகிற எல்லாமே நிற்கும்.

'தசை வாதம்' என்று எழுதியது? எலும்புக்கும் தசைக்கும் ரத்தம் போகாமல் திசுக்கள் துடித்த துடிப்பு. கணுக்கால் புண்? இதயத்திலிருந்து அவ்வளவு தூரத்தில், ரத்த ஓட்டம் கம்மியான இடத்தில், தோல் பட்டினி கிடந்து வெடித்தது. கண் மஞ்சள்? நல்ல சிவப்பணு நூற்றிருபது நாள் வாழும். அரிவாளுக்கு ஆயுசு பத்திலிருந்து இருபது நாள். உடைந்து கொட்டுகிற செல்களின் சாயம்தான் கண்ணில் தெரிந்தது. ஆட்கள் குறைந்துபோன ரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் இரட்டை ஷிஃப்ட் பார்த்ததால் அந்தச் சத்தம். சிகாகோ குளிரில் நெஞ்சில் சளி கட்டியதும் ஆக்ஸிஜன் குறைய, அரிவாள்கள் பெருக, நுரையீரலின் குழாய்கள் அடைபட, ஆக்ஸிஜன் மேலும் குறைய... இந்த நோயில் ஆளைக் கொல்லும் சுழல் அது. அன்று அவர் பிழைத்தது அதிர்ஷ்டம்.

ஒட்டாத தனித்தனிப் புகார்களாக அயர்ன்ஸ் எழுதிக்கொண்டே போன பட்டியல், ஒரே மணியின் வேலை! அதற்காகத்தான் அவர் ஒன்றையும் விடாமல் எழுதியதை நினைத்து வியக்கிறேன். 'தழும்பு பழசுதானே' என்று அவர் விட்டிருந்தால் கேட்பாரில்லை.

இன்னொரு துப்பும் நோயாளிகளிடமிருந்துதான் வந்தது. 1948-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அரிவாள் அவ்வளவாக வருவதில்லையே என்று கவனித்தார். கருவில் இருக்கும்போது நமக்கு வேறு வகை ஹீமோகுளோபின். பிறந்து சில மாதங்களில் அந்தக் கடையை உடம்பு மூடிவிடுகிறது. மூடாமல் இருந்தால்? ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை அந்தக் கடையைக் கொஞ்சம் திறந்துவிடுகிறது; 1998-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. 2023-ன் கடைசியில் முதலில் பிரிட்டனிலும் பிறகு அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மரபணுத் திருத்த சிகிச்சை, பூட்டையே உடைத்துவிடுகிறது. ஒரு நோயாளிக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர். ஆம், டாலர்.

'இது கறுப்பர்களின் நோய்' என்று அமெரிக்க டாக்டர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். வெள்ளைக்காரருக்கு வந்தால் அவருடைய பரம்பரையையே சந்தேகப்பட்டார்கள்! அந்த எண்ணத்தில் ஓட்டை போட்ட ஊர்களில் ஒன்று நம்முடைய நீலகிரி. 1952-ல் லீமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைப் பரிசோதித்து, இங்கேயும் சிக்கிள் செல் இருக்கிறது என்று எழுதினார்கள். ஆப்பிரிக்கா எங்கே, ஊட்டி மலை எங்கே? ஒற்றுமை மலேரியா. ஒரு விதை மட்டும் உள்ளவர்களை மலேரியா அவ்வளவு சுலபமாகக் கொல்வதில்லை என்று 1954-ல் காட்டியவர், மேலே சொன்ன அதே ஆலிசன்தான். கொசு கடித்த நாடுகளில் அந்த விதை தங்கிவிட்டது.

கூடலூரில் ஆதிவாசிகளுக்காக இயங்கும் 'அஸ்வினி' மருத்துவமனை இந்த நோயாளிகளைப் பல வருஷங்களாகத் தொடர்ந்து கவனித்துவருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு, ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பது என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால், பரிசோதனைக்கு முன்னால் ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டுமே! மலையிலிருந்து இறங்கி வந்து, "கை காலெல்லாம் முறிச்சுப் போடற மாதிரி வலிக்குது" என்று சொல்கிற ஒரு பெண்ணை, வலி மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்புவதா, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதா? அந்த முடிவு, அவர் கல்லூரியில் எந்தக் கேஸைப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தச் சந்தேகம் எப்போதோ வந்துவிட்டது. கானாவில் ஒவ்வொரு இனமும் இந்த நோய்க்குத் தன் மொழியில் பெயர் வைத்திருந்தது. கா மொழியில் 'ச்வெச்வீச்வெ'. சொல்லிப் பாருங்கள், வலியில் முனகுவது போலவே இருக்கும். அந்த நாட்டு டாக்டர் கொனோட்டே ஆஹுலு, இந்த நோய் தன் சொந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு இருந்தது என்று 1670 வரை பின்னோக்கிப் போய்ப் பட்டியல் எடுத்தார். சிகாகோ மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் இருநூறு வருஷத்துக்கும் மேலாக அந்த வீட்டார்கள் நோயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, கிரெனடாவுக்குப் போன அந்த இளைஞர்?

ஹெரிக்கின் கட்டுரையில் அவருக்குப் பெயர் கிடையாது. புத்திசாலியான இருபது வயது நீக்ரோ மாணவர் என்று மட்டும் இருக்கிறது. உலகத்து மருத்துவக் கல்லூரிகளில் எல்லாம் அவருடைய ரத்தத்தின் படத்தை வைத்துப் பாடம் நடத்தினார்கள். யார் என்று யாருக்கும் தெரியாது. டாட் சாவிட், மார்ட்டன் கோல்ட்பர்க் என்ற இருவர் பழைய ஆவணங்களைத் தோண்டி, 1989-ல்தான் பெயரைக் கண்டுபிடித்து எழுதினார்கள்.

வால்டர் கிளெமென்ட் நோயல்.

ஊர் திரும்பியவர் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் பல் ஆஸ்பத்திரி வைத்தார். 1916-ல், முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். ஹெரிக் எதிர்பார்த்த 'இதேபோன்ற இன்னும் சில கேஸ்கள்' அதற்குள் இரண்டு வந்திருந்தன. நோய்க்கு இன்னும் பெயர் வந்திருக்கவில்லை. தீவின் வடகோடியில் சாட்டர்ஸ் என்ற ஊரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவுக்கும் சகோதரிக்கும் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சாவுக்குக் காரணம், நிமோனியா.